முதல் நாளிலேயே தொடங்கிய உறுமல்

குடும்பத்துடன் நெடும்பயணம் புறப்பட்ட முதல் நாளே, வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியதும் காருக்குள் எங்கிருந்தென்று தெரியாத ஓர் உறுமல் எழுந்தது. பணிமனைகளில், சக்கரம் சுழல உதவும் பேரிங்குகளைச் சோதித்தும், சக்கரங்களைச் சமன் செய்தும், டயர்களை இடம் மாற்றியும் நாள்கள் கழிந்தனவே தவிர ஒலி குறையவில்லை. தேய்ந்த பேரிங்கின் ஒலி பெரும்பாலும் வளைவுகளில் மாறும். இதுவோ வளைவுகளில் மாறாமல், பெரிய லாரிகளின் பின்னால் செல்லும்போது மட்டும் அடங்கியது. லாரி மறைத்தது காற்றைத்தான் என்பதால், கூரைமேல் பெட்டிகளைக் கட்டியிருந்த தட்டையான நாடாவைப் பார்த்தேன். அதை மேலும் இறுக்கியபோது உறுமல் நிற்கவில்லை, சுருதிதான் உயர்ந்தது. காற்றில் அதிர்ந்து ஒலிப்பது நாடாதான் என்பதற்கு இந்தச் சிறு மாற்றமே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது. நாடாவை அவிழ்த்து, காற்றுப்படும் பகுதியில் இரண்டு மூன்று முறுக்குகள் விழுமாறு மீண்டும் கட்டியதும், அதன் படபடப்பு அடங்கி, ஒலி முற்றிலும் நின்றது.