வீட்டுக்குள் வளர்ந்த நாற்றுகளை வெளியே பழக்குதல்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள தெற்கு ஒன்ராறியோ ஊர்களிலும், மார்ச் மாதத்தில் ஜன்னலோரத்திலோ நிலவறையில் எல்.ஈ.டி. விளக்கின் கீழோ முளைக்கவைத்த மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகள் மே மாதத்தில் தோட்டத்துக்குப் போக வேண்டியவை. குளிர்காலம் முழுவதையும் வரவேற்பறையில் கழித்த கறிவேப்பிலைத் தொட்டியும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் வெளியேறும். இந்த இடமாற்றத்தின்போது பெரும்பாலானோர் வெப்பமானியை மட்டுமே பார்க்கிறார்கள். என் கணிப்பில், இங்கே குளிரில் சாகும் நாற்றுகளைவிட வெயிலில் கருகும் நாற்றுகளே அதிகம்.

நண்பகலில் நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். நமக்கு வெளிச்சமாகத் தோன்றினாலும், நேரடி வெயில் படாத ஜன்னலோரத்தில் அது பெரும்பாலும் சில ஆயிரங்களே. விளக்கின் கீழ் வளர்ந்த நாற்றும் வெயிலில் சிறு பங்கையே கண்டிருக்கும். இதைவிட முக்கியமானது, ஜன்னல் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் கடுமையான பகுதியைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது என்பது. அந்தக் கதிரை ஒருபோதும் சந்திக்காத இலை, தன்மேல் தடித்த மெழுகுப் படலத்தையும் காப்பு நிறமிகளையும் உருவாக்கிக்கொள்வதில்லை. வீட்டுக்குள் காற்றும் அசைவதில்லை என்பதால் தண்டு நெடிதாக, ஆனால் வலுவில்லாமல் வளர்ந்திருக்கும்.

அத்தகைய நாற்றை 18 பாகை வெப்பமுள்ள இதமான ஞாயிற்றுக்கிழமையில் முழு வெயிலில் வைத்துவிட்டால், அன்று மாலை வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்த ஓரிரு நாள்களில் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் முதலில் வெள்ளிபோல் பளபளத்து, பிறகு வெளிறி, கடைசியில் தொட்டால் நொறுங்கும் காகிதம்போல் ஆகிவிடும். இதை நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. வெளிறிய பகுதி மறுபடி பச்சையாகாது. ஆனால் நுனிக்குருத்து உயிரோடு இருந்தால் செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அது விடும் புதிய இலைகள் வெயிலுக்கு ஏற்றவையாகவே வரும். ஒரே இழப்பு, இந்தக் குறுகிய பருவத்தில் இரண்டு மூன்று வாரங்கள் வீணாவதுதான்.

மே 25க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தினத்தை நடவுக்கு எல்லையாகக் கொள்வது இங்குள்ள பழைய வழக்கம். பெரும்பாலான ஆண்டுகளில் உறைபனி அபாயம் அதற்குள் நீங்கிவிடுவதால், அந்த நாளிலிருந்து பத்துப் பதினான்கு நாள்கள் பின்னோக்கி எண்ணி, செடிகளை வெளியே பழக்கத் தொடங்கலாம். அதற்குமுன் இலைகளின் அடிப்புறத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்து, அசுவினியோ சிலந்திப்பேனோ இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரத்தை அந்த நாள்களில் நிறுத்திவைப்பது நல்லது. அது மென்மையான தளிர்களையே தூண்டும், அவைதான் முதலில் கருகும்.

முதல் நாளுக்கு மேகமூட்டமான, காற்றில்லாத பொழுதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டின் வடக்குப் பக்கச் சுவரோரமோ அடர்ந்த மரத்தின் அடியோ பொருத்தமான இடம். ஒன்றிரண்டு மணி நேரம் வைத்திருந்து உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள்கள் நிழலிலேயே வைத்து நேரத்தை மட்டும் கூட்டியபின், காலை வெயில் ஒரு மணி நேரம் படும்படி நகர்த்துங்கள். அதன்பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வெயிலைக் கூட்டிக்கொண்டே போகலாம். பிற்பகல் வெயிலைக் கடைசி நாள்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படி எடுத்து வைப்பதும் திருப்பி வைப்பதும் இயலாத காரியம் என்பது உண்மைதான். அவர்கள் கிழக்கு நோக்கிய சுவரோரத்தைப் பயன்படுத்தினால், காலை வெயில் பட்டு நண்பகலுக்குப்பின் நிழல் தானாக வந்துவிடும். முதல் சில நாள்களுக்கு மட்டும் மேலே ஒரு நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டால் போதும்.

காற்றும் வெயிலும் சேரும்போது சிறு தொட்டியின் மண் ஒரே பிற்பகலில் காய்ந்துவிடும், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியானால் வேரும் சூடாகிவிடும். எனவே காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வையுங்கள். செடியை வாடவிட்டால்தான் உறுதிப்படும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மண்ணின் மேற்பரப்பு காயும்வரை காத்திருப்பது வேறு, இலை தொங்கும்வரை பட்டினி போடுவது வேறு. இளங்காற்றில் தண்டு ஆடுவதோ நன்மையானது, அந்த அசைவே அதைத் தடிக்கச் செய்கிறது. வேகமாக வீசும் நாளில் மட்டும் மறைவு தேவை.

இரவில் வெளியே விடுவதற்கு, தக்காளியானால் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்காதிருக்க வேண்டும். மிளகாயும் கத்தரியும் 12, 13 பாகையாவது கேட்கும். அதற்குக் குறைந்த குளிர் உடனே கொல்லாது என்றாலும் வளர்ச்சி முடங்கிவிடும், தக்காளி இலையின் அடிப்புறம் ஊதாநிறமாகும். வானிலை அறிக்கை 2 அல்லது 3 பாகை என்று சொன்னாலும், மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டி உறைபனி விழக்கூடும். குளிர்காற்று கனமானதாகையால் தோட்டத்தின் பள்ளமான மூலையில் அது முதலில் தேங்கும். நட்டபின் அப்படியோர் இரவு வந்தால் பழைய பருத்தி விரிப்பைக் குச்சிகளின்மேல் தரைவரை தொங்கும்படி போர்த்தி, காலையில் அகற்றுங்கள். இலையைத் தொடும் பிளாஸ்டிக் தாள் பயன்படாது, தொட்ட இடத்தில் இலை உறைந்துவிடும்.

நடவுக்கு மாலை நேரமோ மேகமூட்டமான நாளோ ஏற்றது. தக்காளித் தண்டு மண்ணுக்குள் வேர்விடும் இயல்புடையது என்பதால், நெடிதாக வளர்ந்துவிட்ட நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் தொட்டியில் இருந்த ஆழமே போதும். பாகலும் வெண்டையும் வேர் கலைவதை விரும்பாதவை, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும்.

கறிவேப்பிலைக்கு அவசரம் கூடாது. வெப்பமண்டலச் செடியாகிய அது விக்டோரியா தினத்துக்குப் பிறகும் சில நாள்கள் உள்ளே இருக்கலாம். இரவு வெப்பம் தொடர்ந்து 12 பாகைக்குமேல் நிலைத்தபின் மேற்சொன்ன முறையிலேயே, ஆனால் இன்னும் மெதுவாக, இரண்டு வாரத்துக்குக் குறையாமல் பழக்குங்கள். குளிர்காலத்தில் வளர்ந்த நீண்ட, வெளிர்ப்பச்சைக் கொப்புகளை வெளியே வைப்பதற்குமுன் வெட்டிவிட்டால், கருகப்போகும் இலைகள் சமையலுக்கு ஆகும், வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து வரும் துளிர் வெயிலிலேயே பிறந்ததாக இருக்கும். செதில்பூச்சி பெரும்பாலும் தண்டின் கணுக்களில் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினாலே போய்விடும். செப்டம்பரில் இரவுகள் மறுபடி 10 பாகையை நெருங்கும்போது முதலில் உள்ளே திரும்ப வேண்டியதும் இந்தத் தொட்டியே.