தலையில் அடிபட்டவரிடம் "நான் யார் தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள்

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. அறுவடை நேரத்தில் சாலையில் பரப்பியிருந்த வைக்கோலில் பைக் சறுக்கி, என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடிபட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஹெல்மெட் வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். சிரமம் அதன் பிறகுதான் தொடங்கியது.

அடிபட்ட வேகத்தில் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கி, நரம்பிழைகள் மிக நுண்ணிய அளவில் சேதமாகின்றன. சாதாரண ஸ்கேனில் அது தெரியாமலே போகலாம். பழைய நினைவு பெரும்பாலும் தங்கிவிடும், புதியதுதான் ஒட்டாது. 1992 தாமிரபரணி வெள்ளத்தைப் பற்றி அவர் மணிக்கணக்கில் பேசுவார். காலையில் சாப்பிட்டது இட்லியா தோசையா என்றால் விழிப்பார். "வேண்டியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்" என்று என் மாமியாரே வருத்தப்பட்டார். அப்படி இல்லை. விபத்தும் அதை ஒட்டிய நாட்களும் அவருக்குள் பதியவே இல்லை. பதியாததைக் கிளறி எடுக்க யாராலும் முடியாது.

பார்க்க வந்த சொந்தங்கள் எல்லோரும் வாசலிலேயே, "நான் யார் தெரிகிறதா?" என்றார்கள். ஒருநாள் சித்தப்பா மகனுக்கு வேறு யாரோ பெயரைச் சொல்லிவிட்டு, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றோடு அந்தக் கேள்வியை நிறுத்தினேன். யார் வந்தாலும் நானே முந்திக்கொள்வேன்: "ஏங்க, தென்காசித் தம்பி வந்திருக்கிறார்." இது மரியாதைக்காக மட்டும் அல்ல. ஊகித்துத் தப்பாகச் சொன்னால், அந்தத் தப்பே மனத்தில் பதிந்துவிடும்.

புதிதாக எதையாவது பழக்க வேண்டுமென்றால் விடையை முதலில் நீங்களே சொல்லுங்கள். "சாவி கல்லாவுக்கு மேலே ஆணியில் இருக்கிறது." உடனே "சாவி எங்கே?" என்று கேளுங்கள். சொன்னதும் அரை நிமிடம் கழித்து, பிறகு ஒரு நிமிடம், இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். தடுமாறினால் யோசிக்க விடாமல் விடையைச் சொல்லிவிட்டு, இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாவி அவருக்கு நிலைக்க ஒன்பது நாட்கள் ஆயின.

நோட்டு ஒன்றே ஒன்று போதும். நான் முதலில் வீடெங்கும் துண்டுச்சீட்டு ஒட்டினேன். எந்தச் சீட்டு என்றைக்கு ஒட்டியது என்று அவர் குழம்பினார். இப்போது கடைக் கணக்கெழுதும் நீள நோட்டைத் தராசு மேசையில் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறேன். இடப்பக்கம் இன்று செய்ய வேண்டியது. வலப்பக்கம் செய்து முடித்தது, நேரத்தோடு, அவர் கையெழுத்தில்: "10.20, பால்காரருக்குப் பணம் கொடுத்தாயிற்று." இதற்கு முன்பு, கொடுக்காத பணத்தைக் கொடுத்துவிட்டதாக அவர் சாதிப்பார். அதைப் பொய் என்று நினைக்காதீர்கள். நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக அடைத்துக்கொள்கிறது. அவர் அதை முழுதாக நம்புகிறார். வாதாட வேண்டாம், நோட்டைத் திறந்து காட்டுங்கள். மாத்திரைக்குக் கைபேசியில் அலாரம் வைத்தால், வெறும் மணியோசை போதாது. எதற்கு அடிக்கிறது என்று திரையில் தெரிய வேண்டும்: "இரவு மாத்திரை, நீல டப்பா."

பெருங்காயத்தை முகர்ந்தே தரம் சொல்பவர் அவர். ஒருநாள் கட்டியை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "வாசனையே வரவில்லை" என்றார். தலையடியில் மோப்ப நரம்புகளும் அறுந்துபோகலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எரிவாயு கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே சிலிண்டரை மூடுவது என் பொறுப்பாகிவிட்டது.

களைப்பு மறதியை இரட்டிப்பாக்கும். காலையில் இரண்டு மணி நேரம்தான் கடை; பிறகு இருட்டறையில் தூக்கம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சாமான் கேட்டால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும். பதிலுக்குப் பேசாமல் சத்தத்தைக் குறையுங்கள். கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டிய மூன்று நாட்களும் அவரைச் சேரன்மகாதேவியில் என் அக்காள் வீட்டில் வைத்திருந்தேன்.

டாக்டர் சொல்லும்வரை பைக் கூடாது, மது கூடவே கூடாது. வலிப்பு வரும் வாய்ப்பு இருப்பதால் ஆற்றில் தனியாகக் குளிக்கவும் கூடாது. தினமும் ஆற்றில் குளித்தவருக்கு அது பெரிய தண்டனைதான். இப்போது கொழுந்தனார் கூடவே போகிறார்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சுக் குளறுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். முதியவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வாரக்கணக்கில் கழித்தும் மூளையைச் சுற்றி இரத்தம் தேங்கலாம். அடி சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். "பரவாயில்லை" என்று சொல்வதைவிட அதில் அதிகம் இருக்கும். தூக்கம் கெடுகிறதா, பேசாமல் ஒதுங்கி உட்காருகிறாரா என்பதையும் சொல்லுங்கள். அவையும் ஞாபகத்தைக் கெடுக்கும், அவற்றுக்கு மருத்துவம் உண்டு. நான் அதை எட்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன்.