தண்ணிமலைத் தைப்பூசம்: கோலாலம்பூரிலிருந்து பிள்ளைகளோடு 2 இரவுப் பயணம்

தண்ணிமலை முருகன் கோயில் இருக்கும் பினாங்கில் தைப்பூசம் ஒரே நாளில் முடிவதில்லை. முதல் நாள் விடியலில் ரதங்கள் புறப்படும், பூசத்தன்று காவடிகள் மலையேறும், அதற்கடுத்த நாள் மாலை வெள்ளி ரதம் ஊருக்குள் திரும்பும். மூன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பும் குடும்பங்கள் இரண்டாம் நாள் மதியத்துக்குள் துவண்டுவிடும். ரதத்தை ஒரு காலைப்பொழுது பாருங்கள். மலையை ஒரே தடவை, இருட்டோடு ஏறி இறங்குங்கள். மிச்ச நேரம் முழுக்கத் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும். கைக்குழந்தையும் வயதான பாட்டியும் உடன் வந்தால்கூட இந்தக் கணக்கு தாங்கும்.

பௌர்ணமியை ஒட்டி வருவதால் தேதி ஆண்டுதோறும் நகரும். 2025இல் பிப்ரவரி 11, செவ்வாய். 2026இல் பிப்ரவரி 1, ஞாயிறு. வேலை நாட்களுக்கு நடுவே பூசம் வந்து, ஒரு நாள் விடுப்புதான் கிடைக்கும் என்றால் அதைப் பூசத்துக்கு முந்தின நாளுக்கு எழுதிக் கொடுங்கள். அதற்கும் முந்தின இரவே பினாங்கு போய்ச் சேர்ந்துவிட்டால் காலையில் ரதம், மறுநாள் விடியலில் மலை, மதியம் தூக்கம், மாலையில் வீடு திரும்பல் என்று 2 இரவில் முடியும். சீனப் புத்தாண்டுக் காலமும் அருகிலேயே வருவதை மறக்கக் கூடாது. 2025இல் பூசத்துக்கு மறுநாளே சாப் கோ மே, அதாவது சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள். அப்படிப்பட்ட ஆண்டில் ரயில் இருக்கையும் அறையும் சேர்ந்தே தீர்ந்துபோகும். டிக்கெட் விற்பனை தொடங்கியவுடன் வாங்கிவிட்டு, அதன் பிறகு அறை தேடுங்கள்.

காரா, ரயிலா? பிள்ளைகளோடு என்றால் ரயில்தான். கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் நாலு, நாலரை மணி நேரம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஃபெர்ரித் துறை. கடலைக் கடந்து ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் இறங்கினால் லிட்டில் இந்தியா நடந்துபோகும் தூரம். திருவிழா நாட்களில் தண்ணிமலையைச் சுற்றிச் சாலைகள் அடைக்கப்படுவதால், கார் கொண்டுவந்தவர்களும் அதை எங்கேயோ நிறுத்திவிட்டு நடக்கத்தான் போகிறார்கள். காரில்தான் வருவீர்கள் என்றால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இப்போதைய ஃபெர்ரி காரை ஏற்றாது, பாலத்தில்தான் வர வேண்டும். பாலத்தில் டோல் தீவுக்குள் வரும்போது மட்டும். ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் லாரிகள் மேடேற முடியாமல் ஊர்வதால் நெரிசல் அங்கேதான் கட்டும். அதற்கு முன்பே ஈப்போவில் இறங்கி, புந்தோங்கில் கச்சாங் பூத்தே (முறுக்கு, கடலை வகை நொறுக்குத் தீனி) வாங்கிக்கொண்டு பிள்ளைகளையும் கொஞ்சம் ஓடவிட்டுப் புறப்படுவது நல்லது. முறுக்கும் வறுத்த கடலையும் சைவம் என்பதால் விரதத்துக்கும் ஆகும்.

லிட்டில் இந்தியாவில் தங்கினால் ரதம் கிளம்புவதை அறைக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். புலாவ் திக்குஸ், ஜாலான் பர்மா பக்கம் தங்கினால் மலைக்கு நடந்தே போகலாம். இரண்டாவதைத்தான் பரிந்துரைப்போம். இருட்டில் வாடகைக் கார் கிடைக்காமல் தவிப்பது மலைக்குப் போகும் நாளில்தான்.

முதல் நாள் காலை. நகரத்தாரின் வெள்ளி ரதம் முருகனைச் சுமந்து லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து கிளம்பும். அது 1894 முதல் ஓடுகிறது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கிவரும் தங்க ரதம் 2017இல் சேர்ந்தது. வழியெங்கும் அர்ச்சனைக்காக நின்று நின்று போவதால் ரதம் எந்த முனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. புறப்படும் இடத்துக்கே விடியலில் போய் நில்லுங்கள். வெயில் ஏறும் முன் பார்த்து முடித்து, பசியாறவும் நேரம் இருக்கும்.

தேங்காய் உடைக்கும் இடத்தில் பிள்ளைகளைச் செருப்போடு நிறுத்துங்கள், குறைந்தது 5 மீட்டர் தள்ளி. ஓடு தெறித்துக் கண்ணில் படும். இளநீர் கொட்டிய தார்ச்சாலை எண்ணெய்போல வழுக்கும். ரதம் போன கையோடு பின்னால் ஓடாமல், கூட்டிப் பெருக்கும் வரை பொறுங்கள்.

அன்று மதியத்துக்குமேல் எந்தத் திட்டமும் வேண்டாம். இரவு 8 மணிக்குப் படுக்கை.

மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. விடியற்காலை 4 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் 8 மணிக்குள் இறங்கிவிடலாம். மழை குறைந்த இந்தப் பருவத்தில் பத்தரை மணிக்கே தார் கொதிக்கத் தொடங்கும், வெறுங்காலில் பிள்ளை நடக்காது. தூக்குவீர்கள், தூக்கிக்கொண்டு படியேற முடியாது. குழந்தை வண்டியை அறையிலேயே விட்டுவிட்டுத் துணித் தூளியில் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பை அடிவாரக் குவியலில் விடாமல் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டுங்கள், இறங்கும்போது தேட வேண்டியிருக்காது.

பாற்குடம் எடுப்பதாக இருந்தால் எந்தக் கோயிலிலிருந்து புறப்படுவது, சீட்டு எப்போது வாங்குவது என்பதை ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு அரை லிட்டர் போதும், பெரியவர்களுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர். குடத்தில் முக்கால் பங்குக்குமேல் ஊற்றாதீர்கள். கழுத்துவரை ஊற்றினால் வாய்கட்டிய மஞ்சள் துணி பாலை உறிஞ்சி, முகத்திலும் முதுகிலும் சொட்டும். ஒரு மணி நேரத்தில் அது புளித்து நாறும், பிள்ளைக்குக் குமட்டும். சும்மாடு இல்லாமல் தலையில் வைத்தால் குடம் நழுவும். பழைய பருத்தித் துண்டை முறுக்கி வளையமாக்கி, தைத்தே எடுத்துப் போங்கள். பாலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, புறப்படும் இடத்தில் மட்டும் ஊற்றுங்கள். வெயிலில் மணிக்கணக்காக வந்த பாலைப் பிரசாதமாக எண்ணிச் சிறுவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். நெற்றியில் தொட்டு வைத்தால் போதும்.

உருமி முழக்கத்திலும் பந்தல்களின் ஒலிபெருக்கியிலும் சின்னப் பிள்ளைகள் மிரள்வார்கள். காதுக்கவசம் ஒன்று பையில் இருக்கட்டும். அலகு குத்துவது என்ன, ஏன் என்று முந்தின இரவே சொல்லி வையுங்கள். சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை கேள்வி கேட்கும், சொல்லாமல் கூட்டிப்போன பிள்ளை அழும்.

தண்ணீர்ப் பந்தலில் அன்போடு நீட்டும் ரோஸ் சிராப்பைப் பிள்ளைகள் மூன்று, நான்கு கோப்பை குடித்துவிட்டுப் படியில் வாந்தி எடுப்பது ஒவ்வோர் ஆண்டும் கண்ணில் படுகிறது. ஒரு கோப்பையோடு நிறுத்தி மோர் கேளுங்கள். வீட்டிலிருந்து ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரும் கொண்டுபோங்கள். ஓட்டுச் சில்லு குத்தினால் எடுக்கச் சாமணம், கிருமிநாசினி, பிளாஸ்டர் மூன்றும் ஒரே பையில்.

கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு எளிதில் கிடைக்காது. காலையில் கிளம்பும்போதே பிள்ளையை அன்றைய உடையில் படம் எடுத்து, தொலைபேசி எண்ணை முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். பிரிந்தால் சந்திக்கும் இடம் கோயில் வாசல் என்று சொல்வதில் பயனில்லை, அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். ஒரு பந்தலின் பெயர்ப்பலகையைக் காட்டி, அதன் கீழே நிற்கச் சொல்லுங்கள்.

இறங்கியதும் தாவரவியல் பூங்கா பக்கம் போக ஆசை வரும். அர்ச்சனை வாழைப்பழத்தைப் பையின் அடியில் புதைத்துவிட்டுப் போங்கள். அங்கேயுள்ள குரங்குகள் கையிலிருந்தே பறிக்கும், கீறினால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

திரும்பும் ரயிலை மாலை 5 மணிக்கு முன் போடாதீர்கள். அடைத்த சாலைகளைச் சுற்றிக்கொண்டு ஜெட்டிக்கு வருவதற்கே நேரம் பிடிக்கும். அறையைவிட்டு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மஞ்சள் ஈரத்துணியைத் தனிப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் மறுநாள் பள்ளிச் சீருடையில் கறை ஏறாது.