அணிச் சீருடை ஆர்டர் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கோயில் இளைஞர் அணிகளும் சிறு கால்பந்துக் கழகங்களும் சீருடைக்கான பணத்தைப் பிரியாணி விற்றும் ராஃபிள் சீட்டு விற்றும்தான் சேர்க்கின்றன. பலருடைய உழைப்பில் சேர்ந்த அந்தப் பணம் வீணாகக் கூடாது. இழப்புகளில் பெரும்பாலானவை தையற்கூடத்தில் நேர்வதில்லை. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து, துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கழகச் செயலாளர் ஒப்புதல் சொல்லும் நேரத்திலேயே நேர்ந்துவிடுகின்றன.

துணியைப் பற்றிக் கேட்காமல் விலையை மட்டும் கேட்பது முதல் தவறு. இன்று பெரும்பாலான ஜெர்சிகள் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. தாளில் அச்சிட்ட மை, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்துவிடுவதால், எண்ணும் பெயரும் உரிந்து வருவதில்லை. ஆனால் இந்த மை பருத்தியில் பிடிக்காது. கறுப்புத் துணியின் மேல் வெளிர் நிறத்தில் அச்சிடவும் இதனால் முடியாது. "காட்டன்தான் வேண்டும்" என்று வற்புறுத்தும் கழகத்துக்கு, பெரும்பாலும் சூட்டில் ஒட்டிய வினைல் எழுத்துகளே கிடைக்கும்; அவற்றை இஸ்திரி போட்டாலோ உலர்த்தும் இயந்திரத்தில் இட்டாலோ விரைவில் வெடித்து உரியத் தொடங்கும். கால்பந்து ஜெர்சிக்குச் சதுர மீட்டருக்கு 140 முதல் 160 கிராம் வரையுள்ள துணி பொருந்தும். ரக்பி ஜெர்சிக்கு அதைவிடக் கனமானதும் கிழியாததுமான துணி வேண்டும். இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுவோர், இந்தக் கிராம் கணக்கையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நிறத்திலும் இதே கவனம் தேவை. திரையில் தெரியும் சிவப்பு, ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சுத் துறையில் வழங்கும் பான்டோன் எண்ணைக் குறிப்பிட்டு, அதே துணியில் அச்சிட்ட ஒரு துண்டை வரவழைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று உதிரி ஜெர்சிகளைத் தள்ளிப்போடுவதும் தவறு. வேறொரு தொகுதித் துணியில் அச்சாகும்போது நிறம் சற்றே மாறிவிடும் என்பதால், முதல் ஆர்டரிலேயே இரண்டு மூன்று ஜெர்சிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. கால்பந்தின் நான்காவது விதிப்படி, இரு அணிகளும் ஒன்றிலிருந்து ஒன்றும் நடுவரிடமிருந்தும் வேறுபடும் நிறங்களை அணிய வேண்டும். கோல்கீப்பரின் நிறமும் தனியாகத் தெரிய வேண்டும். இதை மறந்து முழுக் கறுப்பைத் தேர்ந்தெடுக்கும் அணிக்கு, நடுவரும் கறுப்பு அணிந்து வரும் நாளில் சிக்கல்தான்.

நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. ஒரே அணியில் மூன்று நாயுடுகளும் இரண்டு கோவெண்டர்களும் இருப்பது இங்கே வழக்கம். முதலெழுத்துச் சேர்க்காமல் அச்சிட்டால், முதுகைப் பார்த்து யார் யாரென்று அறிய முடியாது. படையாச்சி போன்ற பெயர்களைக் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு எழுத்துகளில் எழுதுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் சிதறிக் கிடக்கும் செய்திகளிலிருந்து பட்டியலைத் தொகுக்காமல், பெயர், எண், அளவு மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும் கையொப்பம் வாங்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை, "எல்" என்ற எழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நன்றாகப் பொருந்தும் பழைய ஜெர்சியைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து, அதை இரட்டித்து, நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும்.

வெளிநாட்டிலிருந்து மலிவாக வரவழைக்க நினைப்போர், ஆயத்த ஆடைகளுக்கான 45 விழுக்காடு வரையிலான சுங்கத் தீர்வையையும் 15 விழுக்காடு வாட் வரியையும் கணக்கில் சேர்க்கத் தவறுகிறார்கள். உள்ளூரில் தைப்பவர்களோ, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை ஆலைகள் பல மூடியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரிய கழகங்களின் சின்னத்தையோ புகழ்பெற்ற நிறுவனங்களின் லோகோவையோ அனுமதியின்றி அச்சிடச் சொல்லவே கூடாது. 1997ஆம் ஆண்டின் போலிப் பொருட்கள் சட்டம் அதைக் குற்றமாகக் கருதுகிறது.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமையைச் சிறு கழகங்களுக்கும் அளிக்கிறது. ஆனால் நீங்களே ஒப்புதல் தந்த எழுத்துப் பிழை பொருளின் குறைபாடு ஆகாது; தனிப்பட்ட ஆர்டரில் தைத்தவை என்பதால், மனம் மாறித் திருப்பவும் வழியில்லை. பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு ஜெர்சியையும் பிரித்து, கையொப்பமிட்ட பட்டியலோடு ஒத்துப்பார்த்து, குறை இருந்தால் படமெடுத்து அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.