புதிய கார்டு பொருத்திய பின் ஹார்ட் டிஸ்க் காணவில்லையா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகக் கணினியில் புதிய நெட்வொர்க் கார்டைப் பொருத்தியதும் பழைய ஹார்ட் டிஸ்க் தெரியாமல் போனால், டிஸ்க் பழுதாகிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சில மதர்போர்டுகளில் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) கார்டு செருகும் ஒரு ஸ்லாட்டும் டிஸ்க் கேபிள் செருகும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே தரவுத் தடத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஸ்லாட்டில் கார்டு ஏறியவுடன் அந்தப் போர்ட் செயலிழந்துவிடும். எதனுடன் எது பகிர்கிறது என்பதை மதர்போர்டுக் கையேட்டில் பார்த்து, மின்இணைப்பை முழுவதுமாகத் துண்டித்த பின், கார்டை வேறு ஸ்லாட்டுக்கோ டிஸ்க் கேபிளை வேறு போர்ட்டுக்கோ மாற்றுங்கள்.

கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் 12 என்ற பிழை எண் வந்தால், சாதனத்துக்குத் தேவையான வளங்கள் (நினைவக முகவரி போன்றவை) போதவில்லை என்று பொருள்; மதர்போர்டிலேயே அமைந்த, பயன்படுத்தாத ஆன்போர்டு சாதனம் ஒன்றை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) முடக்கிப் பாருங்கள்.

பனிமூட்டம் மிகுந்த மலையில் ஈரத்தால் கார்டின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருக்கவும் கூடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் மெதுவாகத் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே செருகுங்கள்.