கால் வலியைக் கணக்குப் போட்டுப் பிடித்தேன்

மெரினாவில் ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம், இடது முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்விளிம்பில் வலி. ஷூவைக் குறை சொன்னேன். புதிதாக வாங்கியும் வலி போகவில்லை, பணம்தான் போனது.

பிறகுதான் கைக்கடிகாரம் சேமித்து வைத்திருந்த தூரங்களை எக்செல்லில் வாரவாரியாகக் கூட்டிப் பார்த்தேன். 16, 18, 17, திடீரென்று 31 கிலோமீட்டர்! அலுவலக விடுமுறை வாரம் அது. வலி வந்தது பத்து நாள் கழித்து; அதனால்தான் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

பிசியோதெரபிஸ்ட் எலும்பு நெடுக விரலால் அழுத்தினார். ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்தால் நுண்ணிய முறிவாக இருக்கலாம், ஸ்கேன் வேண்டும் என்றார். எனக்குப் பரவலான வலிதான். அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். வலது கால் 25 முறை. இடது கால் பன்னிரண்டிலேயே வெடவெடத்து நின்றுவிட்டது. இத்தனைக்கும் சுவரைப் பிடித்திருந்தேன்.

இரண்டு வாரம் சைக்கிள் மட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதே குதிகால் பயிற்சி, மாடிப்படி விளிம்பில். மறுபடி வாரத்துக்கு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோமீட்டர்தான் கூட்டினேன். பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது என்பார்கள். அது வேதவாக்கு அல்ல, ஆனால் என்னைப் போன்ற அவசரக்காரனுக்கு நல்ல கடிவாளம். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பையும் குறிக்கிறேன். வழக்கமான 58 என்பது 65ஐத் தாண்டினால் அன்று நடை மட்டுமே.

இடது கால் இப்போது 23 வரை வந்திருக்கிறது.