கடற்காற்றில் ஆடும் அணிக்கு முதலில் பந்துவீச்சாளர்கள்

டி20 கிரிக்கெட் விதிப்படி ஒரு பந்துவீச்சாளர் 4 ஓவருக்கு மேல் வீச முடியாது. பத்து ஓவர் போட்டியில் பெரும்பாலும் 2தான். அதனால் ஐந்து பந்துவீச்சாளர்களை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மட்டையாளர்களைத் தேடுங்கள். அவசரத்துக்கு ஓரிரு ஓவர் வீசும் ஆல்ரவுண்டரும் கட்டாயம் வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களான மண்டபம், தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசும். காற்றோடு ஓடிவர வேகப்பந்து வீச்சாளர், காற்றை எதிர்த்து வீச மெதுவான சுழற்பந்து வீச்சாளர் என்று இரு முனைக்கும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். டென்னிஸ் பந்தில் ஆடினால், அது கிரிக்கெட் பந்தைவிட எடை குறைவானது. காற்று அதை இன்னும் அதிகமாக இழுக்கும். எதிர்க்காற்றில் தூக்கி அடித்த பந்து எல்லைக்கு முன்பே விழுந்துவிடும். ஆகவே தரையோடு அடித்து ஓடி ரன் சேர்க்கும் இருவராவது நடுவரிசையில் இருக்கட்டும்.

விக்கெட் கீப்பரை மட்டையடிக்காக மட்டும் எடுக்காதீர்கள், தயவுசெய்து. மணல் தரையில் பந்து எழும்பாமல் தாழ்ந்தே வரும்; அதைக் குனிந்து பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.